பாறு தேடிப் போகிறீர்களா? செத்த மாட்டிலிருந்து தொடங்குங்கள்: மாயாற்றுப் பள்ளத்தாக்குக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மசினகுடியில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே அண்ணாந்து பார்க்க ஆரம்பிப்பவர்கள் உண்டு. இரண்டு நாள் கழித்துக் கழுத்து வலியோடும் நாலு கரும்பருந்துப் படங்களோடும் ஊர் திரும்புவார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் திரும்பினேன்.

பாறு கழுகை, அதாவது செத்ததைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகை, தேடும் வேலை தரையில் ஆரம்பிக்கிறது. இந்தப் பக்கம் மாடு எங்கே மேய்கிறது, செத்தால் எங்கே போடுகிறார்கள், சாகும் முன் என்ன ஊசி போட்டார்கள்? இந்த மூன்றையும் விசாரித்துக்கொண்டு போனால் பறவையும் கண்ணில் படும், பெரியவர்களும் மனம் விட்டுப் பேசுவார்கள். சீகூர் பீடபூமி, மசினகுடி, தெங்குமரஹாடா, பவானிசாகர் என்று மாயாற்றை ஒட்டி, பட்டி (மாடுகளை அடைக்கும் காட்டோரத் தொழுவம்) மாடுகள் இருக்கும் பகுதிக்காக இதை எழுதுகிறேன். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஏன் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. முதலில் அனுமதி, அப்புறம்தான் டிக்கெட்

இந்தப் பள்ளத்தாக்கு முதுமலை, சத்தியமங்கலம் என்ற இரண்டு புலிகள் காப்பகங்களுக்குள் வருகிறது. சாலையோரம் வண்டியை நிறுத்தி இறங்குவதே தவறு. காட்டுக்குள் நடப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். எந்தக் காப்பகமோ அதன் கள இயக்குநருக்கு என்ன செய்யப் போகிறீர்கள், எத்தனை பேர், எத்தனை நாள் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். பதில் வர ஒரு மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் காட்டுத்தீ பயத்தால் கொடுத்த அனுமதியையே நிறுத்தி வைப்பதும் உண்டு.

அனுமதி கிடைக்கவில்லை என்றாலும் வேலை நடக்கும். ஊருக்குள் இருந்தும் பட்டா நிலத்தில் இருந்தும் வானம் தெரிகிறது, பெரியவர்களும் ஊரில்தான் இருக்கிறார்கள். முன்பின் தெரியாத ஜீப்காரர் “உள்ள கூட்டிட்டுப் போறேன், கூடு காட்டுறேன்” என்று சொன்னால் கும்பிட்டு விலகிவிடுங்கள்.

அனுமதியை முதலில் வைப்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. பட்டிக்காரர்களுக்கும் வனத்துறைக்கும் மேய்ச்சல் பற்றிப் பழைய உரசல் உண்டு. நீங்கள் யார், எந்தப் பக்கம் என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. அதற்கு நேரான பதில் கையில் இருக்க வேண்டும்.

2. பருவமும் நேரமும்

ஜனவரி முதல் மார்ச் வரை போங்கள். அக்டோபர், நவம்பரில் கூடு கட்ட ஆரம்பிக்கும் வெண்முதுகுப் பாறுகள் அப்போது குஞ்சுக்கு இரை கொண்டுவந்து கொண்டிருக்கும். ஜோடிக்கு ஆண்டுக்கு ஒரே முட்டைதான். பெரிய பறவைகள் ஒரே வழியில் போய் வந்துகொண்டிருப்பதால் பார்க்கும் வாய்ப்பு கூடுகிறது. இலையும் உதிர்ந்து காடு வெளுத்திருக்கும்.

விடியற்காலையில் எழுந்து ஓடத் தேவையில்லை. மற்ற பறவைகளைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்: ஆறு மணிக்கு நின்று, எட்டரைக்கு அலுத்துப்போய், டிபன் சாப்பிடக் கிளம்பிவிடுகிறார்கள். பாறு கனமான பறவை. தரை சூடேறி வெங்காற்று மேலே கிளம்பினால்தான் சிறகடிக்காமல் வட்டமிட்டு ஏற முடியும். எனவே ஒன்பது மணி முதல் பன்னிரண்டு வரை வானத்தைப் பாருங்கள். மாலை நாலு மணிக்கு மேல் அடையும் இடத்துக்குத் திரும்பும்போது இன்னொரு வாய்ப்பு. நடுவில் வெயில் கொளுத்தும் நேரத்தைப் பெரியவர்களோடு திண்ணையில் கழியுங்கள். அவர்களுக்கும் அப்போதுதான் ஓய்வு.

3. பையில் என்ன வேண்டும்

எட்டு மடங்கு பைனாகுலர், தொப்பி, தண்ணீர், பென்சில், கோடு போடாத நோட்டு. பேனா வியர்வையில் கரையும், போனில் சிக்னல் இருக்காது. பச்சை அல்லது மண் நிறச் சட்டை. ட்ரோன் கூடவே கூடாது. பேச்சைப் பதிவு செய்யப் போனே போதும், பவர் பேங்க் மட்டும் மறக்காதீர்கள்.

4. அடையாளத்தை வீட்டிலேயே பழகுங்கள்

பள்ளத்தாக்கில் நான்கு வகைகள் உண்டு. அதிகம் தெரிவது வெண்முதுகுப் பாறு. கருங்கழுத்துப் பாறும் செந்தலைப் பாறும் எண்ணிக்கையில் குறைவு; மஞ்சள்முகப் பாறு அதைவிட அரிது. குளிர்காலத்தில் இமயமலைப் பக்கத்துப் பாறு ஒன்றிரண்டு வழிதவறி வருவதும் உண்டு.

முதலில் பாறுதானா என்று பாருங்கள். வால் பிளந்திருந்து, அதைச் சுக்கான் போல இப்படியும் அப்படியும் திருப்பினால் கரும்பருந்து. பாறுக்கு வால் குட்டை, தலை சின்னதாகத் தெரியும்; சிறகு கதவுப் பலகை போல அகலம், நுனி இறகுகள் விரல் விரித்தது போலப் பிரிந்து நிற்கும். மரங்களின் தலையை ஒட்டித் தாழ்வாக, நீண்ட வாலோடு ஒரு கறுப்புப் பறவை மெதுவாக மிதந்து போனால் அது கருங்கழுகு. செந்தலைப் பாறு என்று புதியவர்கள் அதிகம் எழுதிவைப்பது இதைத்தான்.

அடுத்து வகை. கீழிருந்து பார்க்கும்போது வளர்ந்த வெண்முதுகுப் பாறின் சிறகடியில் முன்பாதி வெள்ளையாகவும் பின்பாதி கறுப்பாகவும் இருக்கும். திரும்பும்போது இடுப்பருகே வெள்ளைத் திட்டு மின்னும். கருங்கழுத்துப் பாறு மொத்தத்தில் வெளிறிய மண் நிறம், கழுத்து மட்டும் கருமை. செந்தலைப் பாறு கறுப்பு உடம்பு, சிவப்புத் தலை, தொடையருகே வெள்ளைத் திட்டுகள். பெரும்பாலும் தனியாகவோ ஜோடியாகவோதான் வரும். மஞ்சள்முகப் பாறு வெள்ளை உடம்பும் கறுப்புச் சிறகு ஓரமும் ஆப்பு போன்ற வாலும் கொண்டது. திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளைச் சோற்றுக்கு வந்துகொண்டிருந்த கழுகுகள் இந்த வகைதான் என்று சொன்னால் பலருக்குச் சட்டென்று பிடிபடும்.

அதிகம் பேர் விழும் குழி இளம் பறவை. வெண்முதுகுப் பாறின் இளசுக்கு முதுகில் வெள்ளையே இருக்காது, உடம்பெல்லாம் அழுத்தமான பழுப்பு. “வெள்ளை இல்லை, ஆகவே கருங்கழுத்து” என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு சீசன் முழுக்க நானே அப்படி எழுதி, பிறகு பதினொரு பதிவுகளை அடித்தேன். வெளிறிய உடம்பு தெளிவாகத் தெரிந்தால் மட்டும் கருங்கழுத்து என்று போடுங்கள். மற்றதற்கு ‘வகை தெரியாத பாறு’ என்று எழுதினால் குறைந்துபோய்விட மாட்டீர்கள்.

5. எங்கே நிற்பது

உயரமான இடத்தில் ஏறுவதைவிட, எதிரே மலைமுகடு தெரியும் திறந்த இடத்தில் நிற்பது நல்லது. வெறும் நீலவானத்தில் ஒரு புள்ளியைப் பிடிப்பது கஷ்டம். முகட்டின் கோட்டை இடமிருந்து வலமாகப் பைனாகுலரால் மெதுவாகத் தடவிக்கொண்டு வாருங்கள். பறவை அந்தக் கோட்டைத் தாண்டும்போது சிக்கும்.

பாறைச் சரிவில் சுண்ணாம்பு கரைத்து ஊற்றியது போல வெள்ளை வழிந்திருந்தால் அது எச்சம். கருங்கழுத்துப் பாறு பாறை விளிம்பில் கூடு வைப்பது, அங்கே கண்ணை வையுங்கள். வெண்முதுகுப் பாறு மரத்தில் கூடு வைப்பது. ஆற்றோரத்து நீர்மருது, அங்கே பலர் நீர்மத்தி என்கிறார்கள், அதுதான் அதற்குப் பிடித்த மரம். கூடு தெரிந்துவிட்டால் கிட்டே போகாதீர்கள். நான் முந்நூறு மீட்டரைத் தாண்டுவதில்லை. தாய்ப் பறவை பயந்து எழுந்துபோனால் குஞ்சு வெயிலில் காயும், அந்த ஆண்டு அந்த ஜோடிக்கு வேறு குஞ்சு கிடையாது.

6. எண்ணுவது

வானத்தில் சுற்றும் பறவைகளைப் புதியவர்கள் கூட்டிக்கொண்டே போவார்கள். பத்து மணிக்கு ஐந்து, பத்தரைக்கு ஏழு, பதினொன்றுக்கு ஆறு, ஆகப் பதினெட்டு! ஏழு பறவைதான் மூன்று தடவை வந்திருக்கும். ஒரே பார்வையில் ஒன்றாகத் தெரிந்த அதிகபட்ச எண்தான் உங்கள் எண்ணிக்கை. சிறகில் எந்த இறகு உதிர்ந்திருக்கிறது என்று படம் வரைந்து வைத்தால் ஒரு பறவையை மற்றொன்றிலிருந்து பிரிக்கலாம். கோடு போடாத நோட்டு இதற்குத்தான்.

தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து ஒரே நாட்களில் பல இடங்களில் ஆள் நிறுத்தி எண்ணுவதும் இந்தச் சிக்கலால்தான். 2023 பிப்ரவரிக் கணக்கெடுப்பில் 246, அதே ஆண்டு டிசம்பரில் 320. எண் கூடியதை அப்படியே பறவை பெருகியதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பார்த்த இடங்களின் எண்ணிக்கை கூடினாலும், பருவம் மாறினாலும் கணக்கு மாறும்.

7. செத்த மாட்டைப் பின்தொடருவது

பாறு மோப்பம் பிடித்து வருவதில்லை, பார்த்து வருகிறது. அதுவும் ஒன்றையொன்று பார்த்து. ஒன்று கீழே இறங்கினால் தூரத்தில் வட்டமிடும் இன்னொன்று அதைக் கவனித்து வரும், அதைப் பார்த்து மற்றொன்று. காகமும் பருந்தும் ஒரே இடத்தில் கீழிறங்குவதைக் கண்டால் அந்தத் திசையைக் குறித்துக்கொண்டு காத்திருங்கள்.

அங்கே நடந்து போகாதீர்கள். அந்த இரை புலியுடையதாக இருக்கலாம், பக்கத்துப் புதரில் அது படுத்திருக்கலாம். யானைத் தடம் வேறு. தூரத்தில் இருந்தே பாருங்கள். கீழே கிடக்கும் இறகையும் எடுக்காதீர்கள், சட்டத்தில் சிக்குவீர்கள்.

ஊரில் செத்த மாட்டை என்ன செய்கிறார்கள் என்று இப்போதே விசாரித்து வையுங்கள். முன்பு ஊருக்கு ஒரு ‘மாடு போடுற எடம்’ இருந்தது. இன்று குழி தோண்டிப் புதைக்கிறார்கள், அல்லது கிழடு தட்டும் முன்பே வியாபாரியிடம் விற்றுவிடுகிறார்கள். இரை இல்லாத இடத்தில் நாலு நாள் நிற்பது வீண்.

8. பட்டிக்குப் போகும் முறை

இனி நினைவுகளைச் சேகரிக்கும் வேலை. இரண்டு நாளாவது ஊரில் உங்களைப் பார்த்துப் பழகிய பிறகு தொடங்குங்கள். முதல் நாளே மைக்கை நீட்டினால் நீங்கள் கேட்க விரும்புவதைத்தான் சொல்வார்கள்.

யாரைக் கேட்பது? புதியவர்கள் ஊர்த் தலைவரைக் கேட்கிறார்கள். அவர் மரியாதைக்குரியவர், அவரைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். ஆனால் பாறு கழுகைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் வேறு: பட்டியில் ராத்தங்கியவர்கள், மாடு மேய்த்த பெண்கள், தேன் எடுக்கப் பாறையில் இறங்கிய இருளர், குறும்பர் பெரியவர்கள், செத்த மாட்டின் தோல் உரித்தவர்கள், எலும்பு பொறுக்கி விற்றவர்கள்.

கடைசி இருவரிடம் கவனமாகப் போங்கள். அந்த வேலை ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்ட வேலை. அதை உதறிவிட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த ஒருவரை டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் “நீங்க மாடு உரிச்சவராமே” என்று கேட்பது அநியாயம். நான் ஒரு முறை அந்தத் தப்பைச் செய்தேன். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். இப்போது வீட்டுக்குப் போய், “அய்யா, பழைய காலத்துக் கழுகு பத்தித் தெரிஞ்சுக்க வந்தேன்” என்று மட்டும் சொல்கிறேன். மற்றதை அவர் சொன்னால் சொல்லட்டும். குறிப்பில் சாதிப் பெயரே வேண்டாம்.

9. கேள்விகளின் வரிசை

வரிசை தவறினால் மொத்தமும் பாழ். நான் கேட்கும் ஒழுங்கு இது.

முதலில் மாடு: அப்போது எத்தனை உருப்படி, எங்கே பட்டி போட்டீர்கள், என்ன நோய் வரும். அடுத்தது சாவு: செத்தால் எங்கே போடுவீர்கள், தோலை யார் எடுப்பார்கள், எத்தனை நாளில் எலும்பாகும். இந்த இடத்தில் பறவை தானாக வந்துவிடும். தெங்குமரஹாடா பக்கம் ஒரு பெரியவர் இப்படித்தான் ஆரம்பித்தார்: “போட்ட மாடு மறுநாள் இருக்காதுங் தம்பி. தோலை உரிச்சுட்டு நாங்க கரையேறுறதுக்குள்ள மரமெல்லாம் உக்காந்துக்கும். தின்னுட்டுப் பறக்க முடியாம தத்தித் தத்தி ஓடும், நாங்க பசங்க எல்லாம் தொரத்துவோம்.”

தின்றுவிட்டுப் பறக்க முடியாமல் ஓடுவது! படம் பார்த்து வரும் விவரம் இல்லை இது. கிட்டத்தில் நின்று பார்த்தவரின் சாட்சி. பறவையின் பெயரை நான் அதுவரை எடுக்கவே இல்லை.

பெயரை அவர்கள் வாயாலேயே வாங்குங்கள். கழுகு, பாறு, பொணந்தின்னி, கன்னடம் பேசுபவர் என்றால் ரணஹத்து. சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள். ‘கழுகு’ என்பது பாம்புக் கழுகு முதல் பருந்து வரை எல்லாவற்றுக்கும் வரும் என்பதால், எப்படி இருக்கும், எதைத் தின்னும், எங்கே உட்காரும் என்று கேட்டுப் பிரியுங்கள்.

படம் காட்டுவது கடைசியில். ஆரம்பத்தில் நான் வெண்முதுகுப் பாறின் படம் ஒன்றை மட்டும் காட்டி, “இதைப் பாத்திருக்கீங்களா?” என்பேன். எல்லாரும் ஆமாம் என்றார்கள். சந்தேகம் வந்து ஒரு நாள், நம் நாட்டிலேயே இல்லாத அமெரிக்கக் காண்டார் கழுகின் படத்தைக் காட்டினேன். அதையும் பார்த்திருந்தார்கள்! பொய் சொல்லவில்லை, தூரத்தில் இருந்து வந்த பிள்ளையின் மனம் நோகக் கூடாது என்று தலையாட்டியிருக்கிறார்கள். இப்போது பெயர் போடாத ஒன்பது படங்களைக் கலைத்து வைக்கிறேன்: நான்கு பாறுகள், கரும்பருந்து, செம்பருந்து, பாம்புக் கழுகு, கருங்கழுகு, கூடவே அந்தக் காண்டார். காண்டாரை எடுத்துக் கொடுப்பவரின் மற்ற விவரங்களுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைப்பேன்.

10. ஆண்டைப் பிடிப்பது

“எந்த வருஷம்?” என்று கேட்காதீர்கள். “பத்து வருஷம் இருக்குமுங்” என்று வரும். அது முப்பதாகவும் இருக்கலாம். எல்லாருக்கும் நினைவிருக்கும் நிகழ்ச்சிகளைக் கொக்கியாகப் போடுங்கள். இந்திரா காந்தி இறந்தது 1984, எம்.ஜி.ஆர். 1987, ராஜீவ் காந்தி 1991, வீரப்பன் சுடப்பட்டது 2004. இந்தப் பக்கத்துக்கு இவற்றையெல்லாம்விட நல்ல கொக்கி 2000 ஜூலையில் கன்னட நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்டது. தாளவாடிக்கு அருகே நடந்த அந்தச் சம்பவத்தில் காடே போலீஸால் நிறைந்திருந்தது, யாரும் மறக்கவில்லை.

“ராஜ்குமாரைக் கடத்துனப்ப மாட்டுக்குக் கழுகு வந்துச்சா?” என்று கேட்டு, ஆம் என்றால் அடுத்த கொக்கிக்குப் போங்கள், இல்லை என்றால் முந்தையதற்கு. இரண்டு கொக்கிக்கு நடுவே விடை சிக்கும். அவர்கள் வீட்டுக் கல்யாணம், மூத்த பிள்ளை பிறப்பு ஆகியவற்றோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைசியாகக் கூட்டமாகப் பார்த்தது எப்போது, கடைசியாக ஒன்றையாவது பார்த்தது எப்போது? இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டையும் ஒன்றாக்கினால் சரிவு எப்போது தொடங்கியது என்பது மறைந்துபோகும்.

11. ஊசி பற்றிய பேச்சு

டைக்ளோஃபெனாக் என்ற வலி நிவாரணி ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் செயலிழந்துதான் இனமே சரிந்தது என்று 2004-இல் உறுதியானது. 2006-இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். மனிதருக்கான பெரிய குப்பிகளை மாட்டுக்குப் போட்டதால், 2015-இல் குப்பி 3 மில்லியாகச் சுருக்கப்பட்டது. 2023-இல் கீட்டோப்ரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் கால்நடைக்குத் தடையாயின. பாறுக்குத் தீங்கில்லாத மாற்று மெலாக்சிகாம்.

களத்தில் இதைப் பாடமாக நடத்தாதீர்கள். “மாட்டுக்குக் காய்ச்சல் வந்தா யாரு ஊசி போடுறாங்க? வெறுங்குப்பி கெடக்குதுங்களா?” என்று கேளுங்கள். கூரையில் சொருகியிருக்கும் காலிக் குப்பியை எடுத்துக் காட்டுவார்கள். லேபிளைப் படம் எடுங்கள், தேதியைக் குறியுங்கள். எத்தனை பேர் நினைவைச் சேர்த்தாலும் தராத ஆதாரம் அந்தக் குப்பி. மருந்துக்கடைக்குப் போய்க் கேள்வி கேட்டு மிரட்டும் வேலை உங்களுடையது இல்லை. படத்தைக் கால்நடை மருத்துவரிடம் கொடுங்கள்.

விஷம் வைப்பது இன்னும் கூச்சமான விஷயம். புலி அடித்த மாட்டின் மேல் பூச்சிமருந்து தெளித்தால் புலியோடு பாறும் சாகும். “விஷம் வெச்சீங்களா?” என்றால் கதவு மூடிவிடும். “மாடு கெடந்த எடத்துல நாய், காக்கா செத்துக் கெடந்து பாத்திருக்கீங்களா?” என்று கேளுங்கள். மாடு இழந்தவருக்கு நஷ்டஈடு கிடைத்ததா என்பதையும் கூடவே கேளுங்கள், அவருடைய கோபத்தின் காரணம் அங்கேதான் இருக்கும்.

12. எழுதி வைப்பதும் சொல்லாமல் விடுவதும்

அன்றன்று ராத்திரியே எழுதுங்கள். மூன்று பத்தி பிரித்துக்கொள்ளுங்கள்: அவர் கண்ணால் பார்த்தது, அவர் பிறரிடம் கேட்டது, நீங்கள் ஊகித்தது. ஒரே தகவலை ஒரே குடும்பத்தில் மூன்று பேர் சொன்னால் அது ஒரு சாட்சிதான். தொடர்பில்லாத இரண்டு ஊர்க்காரர் ஒரே இடத்தைச் சொன்னால் அங்கே அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு நில்லுங்கள். நான் பார்த்த நல்ல காட்சிகளில் பாதி அப்படிக் கிடைத்தவைதான்.

கூடு இருக்கும் இடத்தை எங்கேயும் போடாதீர்கள். படத்தில் ஜிபிஎஸ் விவரம் ஒட்டியிருக்கும், அழித்துவிட்டுப் பகிருங்கள். பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் இணையதளத்தில் பதிவதானால் பெரிய பகுதியின் பெயரைக் கொடுங்கள், சீசன் முடிந்த பிறகு ஏற்றுங்கள். நானும் இந்தக் கட்டுரையில் ஒரு கூட்டின் இடத்தைக்கூடச் சொல்லவில்லை, கவனித்திருப்பீர்கள். பேசியவர்களின் பெயரையும் அவர்கள் சம்மதம் இல்லாமல் எழுதாதீர்கள், முக்கியமாக மேய்ச்சலும் விஷமும் பற்றிப் பேசியவர்களுடையதை.

பதிவைக் கேட்க அவர்களுக்கும் உரிமை உண்டு. அடுத்த முறை போகும்போது போனில் போட்டுக் காட்டுங்கள். அந்தத் தெங்குமரஹாடாப் பெரியவர் தன் குரலைக் கேட்டுவிட்டு, “மரம் ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சுங்க” என்று மறுபடி ஆரம்பித்தார். நோட்டை மூடாமல் வைத்திருங்கள்.